அந்த அணிக்கு மட்டும் ஆட மாட்டேன்!

1999 ஜூன் மாதம், வாஷிங்டனில் என்பிஏ கூடைப்பந்து அணிகள் புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். வான்கூவர் கிரிஸ்லிஸ் அணி இரண்டாவது ஆளாகத் தன் பெயரை அறிவித்ததும் ஸ்டீவ் ஃபிரான்சிஸின் முகம் சுண்டிப்போனது. அரங்கம் இருந்ததோ அவர் வளர்ந்த மேரிலாந்தின் எல்லையோரம். போய் ஆட வேண்டிய ஊரோ கண்டத்தின் மறுகோடியில், அதுவும் கனடாவில். தூரம், வரி, விளம்பர வருமானம் என்று காரணங்களை அடுக்கியவர், கடவுளின் சித்தத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். ஆகஸ்டில் மூன்று அணிகளுக்கிடையே 11 வீரர்கள் கைமாறிய பேரத்தில் ஹூஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னர் வான்கூவரில் ஆட வந்தபோது, பந்து அவர் கைக்குப் போகும்போதெல்லாம் ரசிகர்கள் கூச்சலிட்டனர். 2001-ல் அணியே மெம்பிஸுக்கு இடம்பெயர்ந்தது. பழியை முழுதாக அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. தொடர் தோல்விகளும் சரிந்துகிடந்த கனடா டாலரும் அணியை ஏற்கெனவே நோகடித்திருந்தன.

டிராஃப்டில் அணிதான் ஆளைத் தேர்ந்தெடுக்கும், ஆட்டக்காரர் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கே முதல் இடங்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். தேர்வான பிறகு 'மாட்டேன்' என்றாலும் வேறு என்பிஏ அணியில் உடனே சேர முடியாது. உரிமை தேர்ந்தெடுத்த அணியிடமே இருக்கும். காத்திருந்து அடுத்த ஆண்டு டிராஃப்டுக்குத் திரும்பலாம், அல்லது வெளிநாடு போகலாம்.

டேனி ஃபெர்ரி வெளிநாடு போனவர். 1989-ல் இரண்டாவதாகத் தேர்வுசெய்த கிளிப்பர்ஸுக்குக் கையை விரித்துவிட்டு ரோம் நகர அணியில் சேர்ந்தார். கடைசியில் கிளிப்பர்ஸ் அவருடைய உரிமையை கிளீவ்லேண்டுக்குக் கொடுத்து, ரான் ஹார்ப்பர் என்ற தேர்ந்த வீரரையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கிக்கொண்டது. ஃபெர்ரி கடைசிவரை நட்சத்திரமாகவில்லை. லாபம் யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கெட்டிக்காரர்கள் தங்கள் பெயர் வாசிக்கப்படும் முன்பே காயை நகர்த்திவிடுவார்கள். 1996-ல் எட்டாவது வாய்ப்பை வைத்திருந்த நியூஜெர்சி நெட்ஸின் பயிற்சியாளர் ஜான் காலிபரிக்கு, 17 வயது கோபி பிரையன்ட் மீது ஒரு கண். கோபி தரப்போ வேண்டாம் என்றது. மீறினால் இத்தாலிக்குப் போய்விடுவார் என்ற மிரட்டலும் வந்தது. நெட்ஸ் பின்வாங்கி கெர்ரி கிட்டில்ஸை எடுத்தது. 13-வதாக கோபியை எடுத்த சார்லட், முன்பே பேசிவைத்தபடி அவரை லேக்கர்ஸுக்கு அனுப்பி விளாடே டிவாட்ஸைப் பெற்றது. புதுமுகங்களின் சம்பளம் தேர்வு வரிசைப்படிதான். ஒவ்வொரு இடம் சறுக்கினாலும் பணம் போகும். அதனால்தான் இந்த ஆட்டத்தில் துணிந்து இறங்குபவர்கள் குறைவு.

முன்கூட்டிய தடுப்பு எப்போதும் பலிப்பதில்லை. 2007-ல் சீன வீரர் யி ஜியான்லியனின் சோதனைப் பயிற்சியைப் பார்க்க மில்வாக்கி அணிக்கு அழைப்பே இல்லை. சீனர்கள் அதிகம் வாழும் பெருநகரம் வேண்டும் என்பது அவர் தரப்பின் எண்ணம். அப்பயிற்சியில் அவர் ஒரு நாற்காலியை எதிராளியாக வைத்து ஆடினார் என்பது இன்றும் சிரிப்புக் கதை. மில்வாக்கி அசராமல் ஆறாவதாக எடுத்தது. இழுபறிக்குப் பின் ஆகஸ்ட் இறுதியில் யி கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டே நியூஜெர்சிக்கு மாற்றிவிட்டார்கள்.

2025-ல் புதுமுக வீரர் ஏஸ் பெய்லி எந்த அணியின் நேரடிச் சோதனைக்கும் போகவில்லை. பிலடெல்ஃபியாவுக்குப் போக ஒப்புக்கொண்டு, அதையும் ரத்து செய்தார். யூட்டா ஜாஸ் கூப்பிட்டுப் பார்க்காமலே ஐந்தாவதாக அவரை எடுத்தது. வர மாட்டாரோ என்ற பேச்சு சில நாள் ஓடியது. பெய்லி வந்து கையெழுத்துப் போட்டார்.