ஆடை பாதி, பெயர் பாதி

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வாக்கு. துறைமுகத்துச் சுங்கப் பகுதியிலோ ஆடை பாதி, அந்த ஆடையின் பெயர் பாதி! கடைக்குச் சென்றால் நாம் துணியைத் தடவிப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், விலையைக் கேட்டுப் பேரம் பேசுகிறோம். கடல் கடந்து வந்த சட்டையாயின், அந்த விலையில் ஒரு பங்கைச் சட்டப் புத்தகத்தின் ஒரு சொல் முன்னரே தீர்மானித்து விட்டது என்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை.

இறக்குமதியாகும் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. பிரசெல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலக சுங்க அமைப்பு வகுத்த பட்டியலே அதற்கு ஆதாரம். 1988ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இப்பட்டியலை, இலங்கை உட்பட 200க்கு மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் பின்பற்றுகின்றன. இலக்கத்தின் முதல் ஆறு தானங்கள் எங்கும் ஒன்றே. அதற்கப்பால் உட்பிரிவுகளை வகுப்பதும், தீர்வை எவ்வளவு என விதிப்பதும் அந்தந்த நாட்டின் உரிமை.

தையற்காரர் அறியாத விதிகள்

ஓர் ஆடை சுங்க அலுவலர் முன் வந்ததும் எழும் முதல் வினா, "துணி பின்னியதா, நெய்ததா?" என்பதாகும். பெனியனைப் போலப் பின்னிய துணியாயின் அதன் இடம் 61ஆம் அத்தியாயம்; தறியில் நெய்ததாயின் 62ஆம் அத்தியாயம். அடுத்த வினா, "இழை எது?" என்பது. பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்திருந்தால், நிறையில் எது மிகுதியோ அதன் பெயரே ஆடைக்கு வாய்க்கும்.

பின்னர், "ஆணுக்கா, பெண்ணுக்கா?" என்பது. முன்புறத்தில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் மூடினால் அது ஆணுடை. வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் மூடினால் பெண்ணுடை. வெட்டு வேறொன்றைத் தெளிவாகக் காட்டினாலன்றி இதுவே முடிபு. எவருக்கெனத் துணிய முடியாத ஆடை பெண்களின் பகுதியிற் சேரும். உடலுயரம் 86 சென்ரிமீற்றருக்கு மேற்படாத குழந்தைகளின் உடைக்குத் தனி இடம் உண்டு. இடுப்புக்குக் கீழே பை வைத்துத் தைத்தாலோ, அது 'சட்டை' என்ற தலைப்பை இழந்து வேறொன்றுக்குப் போய்விடும்!

நம்மவர் சேலையும் வேட்டியும் இப்பட்டியலில் எங்கே நிற்கின்றன? இந்தியாவின் தீர்வைப் புத்தகத்தைப் புரட்டினால், பருத்திச் சேலையும் வேட்டியும் ஆடை அத்தியாயங்களில் அன்றி, 52ஆம் அத்தியாயத்தில், பருத்தித் துணிகளோடு காணப்படுகின்றன. வெட்டாமல், தைக்காமல், தறியிலிருந்து வந்தபடியே உடுப்பவை அல்லவா? உடுப்பவளுக்கு அது உடை. புத்தகத்துக்கு அது துணி.

போர்வையா, அங்கியா?

இத்தகைய வினாக்கள் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. நம் நாட்டுக் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் தைத்த ஆடைகளுக்கே. அவற்றை மிகுதியாக வாங்கும் தனி நாடும் அமெரிக்காவே. ஆதலின் அவ்வழக்குகள் நமக்கும் அயலானவை அல்ல.

'ஸ்னக்கி' என்றொரு பொருள். மென்மையான பெரிய பொலியெஸ்டர் விரிப்புக்கு இரண்டு கைகளை வைத்துத் தைத்தது, குளிர்காலத்தில் இருக்கையிற் சாய்ந்தபடி முன்புறமாகப் போர்த்துக்கொள்வது, முதுகுப்புறம் திறந்திருப்பது. "கை உண்டு, ஆகவே இது உடை, தீர்வை 14.9 சதவீதம்" என்றனர் சுங்கத்தார். குருமார் அணியும் அங்கியையும் பட்டதாரிகள் அணியும் அங்கியையும் அவர்கள் உவமை காட்டினர். "இது போர்வை, தீர்வை 8.5 சதவீதமே" என்றனர் இறக்குமதி செய்தோர். 2017இல் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் போர்வை என்றே தீர்ப்பளித்தது. கை இருப்பதனால் மட்டும் ஒன்று உடையாகி விடாது. அங்கி முன்புறம் திறக்கும், இதுவோ முதுகுப்புறம் திறக்கும். விற்றதும் போர்வையென்றே என்பன நீதிபதி கண்ட காரணங்களிற் சில.

நத்தார் தாத்தாவுக்கு இந்த நற்பேறு கிட்டவில்லை. அவரது செந்நிற வேடத்தை விழாப் பொருளாகக் கொண்டால் தீர்வையே இல்லை. ஆயினும் வழக்குக்கு வந்த வேடமோ உள்துணி வைத்து நேர்த்தியாகத் தைக்கப்பட்டது. அதன் மேற்சட்டையும் காற்சட்டையும் மெய்யான உடைகளே என 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவு கூறிற்று. சட்டைக்கு 32 சதவீதம், காற்சட்டைக்கு 28.2 சதவீதம். ஒரு நாட் கூத்துக்கென மெலிதாகத் தைத்த வேடமாயிருந்தால் தீர்வையின்றிச் சென்றிருக்கும்!

எளியவர் தோளிற் சுமை

இவற்றைப் படித்து நகைப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. பெயருக்குப் பின்னால் வீதம் இருக்கிறது. வீதத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பணப்பை இருக்கிறது.

அமெரிக்கத் தீர்வைப் புத்தகத்தில், சலுகைகளையும் இடையிடையே விதிக்கப்படும் மேலதிக வரிகளையும் நீக்கி, அடிப்படை வீதங்களை மட்டும் நோக்குவோம். கஷ்மீர் ஆட்டின் மென்மயிரிற் பின்னிய சுவெற்றருக்கு 4 சதவீதம். செம்மறி ஆட்டு மயிராயின் 16 சதவீதம். செயற்கை இழையாயின் பொதுவாக 32 சதவீதம். சுங்கத்தில் 100 டொலர் பெறும் கஷ்மீர் சுவெற்றர் செலுத்துவது 4 டொலர். 10 டொலர் பெறும் செயற்கை இழைச் சுவெற்றர் செலுத்துவது 3 டொலர் 20 சதம். செல்வர் அணிவது பத்து மடங்கு பெறுமதியானது. ஆயினும் தீர்வையிலோ ஒரு டொலருக்கும் குறைந்த வேறுபாடே! அத்தீர்வையை இறக்குமதியாளரே கட்டினாலும், இறுதியில் அதிற் பெரும்பங்கு கடை விலையிலேயே ஏறுகிறது. அப்போது குளிருக்கு மலிவான உடை தேடும் தாயே அதைச் சுமக்கிறாள்.

தீர்வை வேண்டாமென்பது நம் கருத்தன்று. அரசுக்கு வருவாய் வேண்டும். உள்நாட்டுத் தொழிலுக்குக் காப்பும் வேண்டும். பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் செல்லும் பணத்தில் தீர்வைப் பணமும் கலந்தே இருக்கிறது. அந்தச் சுமை யார் தோளில் எவ்வளவு ஏறுகிறது என்பதே கேள்வி. சுங்க அலுவலர் புத்தகத்தைப் படித்துப் பெயரிடுகிறார், அவ்வளவே. வீதத்தை எழுதுவோர் சட்டம் இயற்றுவோர். அவர்களைத் தெரிவு செய்வோர் மக்கள்.

பொருளியல் பயிலும் மாணவர்கள் தங்கள் சட்டைக் கழுத்தில் உள்ள சிறு துண்டை இன்று ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். எந்த இழை, எத்தனை வீதம், எந்த நாட்டிற் செய்தது என்ற விவரங்கள் அதில் இருக்கும். வரலாறு, சட்டம், கணிதம் மூன்றையும் ஒருங்கே தொடங்க அந்தத் துண்டு போதும்.