தன்னியக்க உருப்பெருக்கமும் வாசகரும்: செறிவுமிகு கணனித் திரைகள் பற்றிய ஒரு குறிப்பு

கணனித் திரையில் எழுத்து எந்த அளவிலே தோன்ற வேண்டும் என்பது, மேலோட்டமாக நோக்குவார்க்கு வெறும் தொழில்நுட்ப வினாவாகவே படும். இன்றைய மேசைக் கணனிகள் திரையின் செறிவைத் தாமே கணித்து, எழுத்தையும் படங்களையும் அதற்கேற்பப் பெருக்கிக் காட்டுகின்றன. இதனையே தன்னியக்கம் என்கின்றனர். எனினும், எத்தன்னியக்கத்தின் பின்னாலும் மனிதர் முன்னரே எடுத்த முடிவுகள் உறைந்து கிடக்கின்றன. அம்முடிவுகள் யாவை, அவற்றிலே வாசகருக்கு இடமுண்டா என்பனவே ஈண்டு நாம் ஆராய முற்படுவன.

1984இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் மக்கின்டொஷ் கணனி, அங்குலத்துக்கு 72 படப்புள்ளிகள் என்ற அளவைக் கைக்கொண்டது. அச்சுத்தொழிலின் புள்ளியளவும் ஏறத்தாழ அங்குலத்தின் 72இல் ஒரு பங்காகையால், தாளும் திரையும் அளவில் ஒத்தன. திரையைத் தாளிலும் பார்க்கச் சற்று எட்டத்திலிருந்தே வாசிக்கின்றோம் எனக் கருதிய மைக்ரோசொவ்ற் நிறுவனம், அவ்வளவை மூன்றிலொரு பங்கு உயர்த்தி 96 ஆக்கியது. குறித்தவொரு சூழலிற் பிறந்த இவ்வெண், நாளடைவில் இயற்கை விதிபோல் நிலைபெற்றது. மென்பொருள் எழுதியோர் நீளத்தை அங்குலத்திலன்றிப் படப்புள்ளிகளிலேயே கணக்கிட்டனர்.

திரைகளின் செறிவு உயர்ந்தபோது முரண்பாடு வெளிப்பட்டது. 2012இல் வந்த அப்பிள் மடிக்கணனியொன்றின் 15.4 அங்குலத் திரை 2880 × 1800 படப்புள்ளிகளைக் கொண்டது. அங்குலத்துக்கு ஏறத்தாழ 220. பழைய அளவில் அங்குலத்தின் ஆறிலொரு பங்கு உயரமாயிருந்த 16 படப்புள்ளி எழுத்து, இத்திரையிலே பதினான்கிலொரு பங்காகச் சுருங்கும். வன்பொருளின் வளர்ச்சி பழைய மென்பொருள் மரபோடு மோதியது. உருப்பெருக்கம் இம்மோதலுக்குக் காணப்பட்ட தீர்வாகும்.

இத்தீர்வு இயங்கும் முறை எளியது. திரை தனது நீள அகலத்தைக் கணனிக்கு அறிவிக்கின்றது; படப்புள்ளிகளின் தொகையை அந்நீளத்தால் வகுத்துச் செறிவு பெறப்படுகின்றது; செறிவு குறித்தவோர் எல்லையைத் தாண்டின் உரு இருமடங்காக்கப்படுகின்றது. ஆனால், அறிவிக்கப்படும் தரவு எப்போதும் மெய்யன்று. விரிவுரை மண்டபத்து ஒளிவீழ்த்திக்கு நிலையான திரையளவே இல்லை. சில தொலைக்காட்சிப் பெட்டிகளோ அளவுக்குப் பதிலாக 16க்கு 9 என்னும் விகிதத்தையே தருகின்றன. அதனைச் சென்ரிமீற்றராகக் கொள்ளும் கணனி, சுவரளவான திரையைக் கையகலமாகக் கணிக்கும்.

இருமடங்கு எளிது: ஒரு படப்புள்ளியின் இடத்தை நான்கு நிரப்பும். ஒன்றரை மடங்கெனின் கோடுகள் படப்புள்ளிகளுக்கு இடையே விழுந்து மங்கும். முதலில் இருமடங்காக வரைந்து பின்னர் சுருக்குதல் ஒரு வழி. அதற்குக் கணனியின் உழைப்பு மிகுதியாக வேண்டும். புதிய முறைக்கு ஏற்பத் திருத்தப்படாத பழைய மென்பொருள்களை இயக்குதளம் வெறும் படமாகவே பெருக்குவதால் அவற்றின் எழுத்துக்கள் கலங்கித் தோன்றும்.

அடிப்படையான குறைபாடு வேறொன்று. இக்கணிப்பு திரையை அளக்கின்றதேயன்றி வாசகரை அளப்பதில்லை. அவரது வயது, பார்வை, அமரும் தூரம், வாசிக்கும் மொழி ஆகிய எவையும் அதிற் சேர்வதில்லை. தமிழைப் பொறுத்தவரை இது நுண்ணிய சிக்கலாகும். ஒரு சுழி மங்கின் ‘மணம்’ ‘மனம்’ ஆகும். ஒரு புள்ளி மறையின் மெய்யெழுத்து உயிர்மெய்யாகும். உரோம எழுத்துக்குப் போதுமான உருவளவு தமிழுக்கும் போதுமென முன்கூட்டியே கொள்ள இயலாது.

ஆகவே, தன்னியக்கத்தை நிராகரிப்பது நமது நோக்கமன்று. அது பலரது வீண் உழைப்பைக் குறைத்துள்ளது. ஆனால், அது தரும் அளவு தொடக்கமேயன்றித் தீர்ப்பன்று. நூலகங்களிலும் கணனிக் கூடங்களிலும் ஒரே திரையைப் பலர் மாறிமாறிப் பயன்படுத்துகின்றனர். அங்கெல்லாம் எழுத்தின் அளவை மாற்றும் வசதியை நிருவாகம் பூட்டி வைத்தலாகாது. வாசிப்பு வாசகருடையது, அதன் அளவுகோலும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.