உங்கள் கம்ப்யூட்டருக்கு ஸ்டெப்னி இருக்கிறதா?

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டும் லாரிகளைக் கவனித்திருப்பீர்கள். ஸ்டெப்னி இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். லாரித் தொழிலில் ஊறிய சேலம், நாமக்கல் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனால், அதே சாலையோரம் இருக்கும் டி.டி.பி. சென்டருக்கோ, ஜெராக்ஸ் கடைக்கோ, போட்டோ ஸ்டூடியோவுக்கோ போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் பிழைப்பு ஓடுகிறது. வைகாசி முகூர்த்த நேரத்தில், பத்திரிகை ஆர்டர்கள் குவிந்திருக்கும்போது அதன் ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டால்?

“அதான் பென் டிரைவில் காப்பி போட்டு வெச்சிருக்கோமே!” என்பார்கள். நல்லதுதான். ஆனால் ஃபைல் கையில் இருப்பது வேறு, அடுத்த அரைமணி நேரத்தில் வேலை ஓடுவது வேறு. புது டிஸ்க் வாங்கி, விண்டோஸ் போட்டு, பிரின்டர், ஸ்கேனர் டிரைவர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சாஃப்ட்வேராக ஏற்றி முடிப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும்.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. பல கடைகளில் இன்னமும் பேஜ்மேக்கர்தான் ராஜா. அந்த வரிசையின் கடைசிப் பதிப்பான பேஜ்மேக்கர் 7 வெளியானது 2001-ல்! அதில் ஓடுவது யுனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு இடத்தில் வைத்திருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு, டாம், டாப் என்ற பொது முறைகளை அரசு ஏற்றது. 2010-ல் யுனிகோடையும் டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய ஃபைல்கள் பழைய ஃபான்டில்தானே கிடக்கின்றன? அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கந்தலாகத் தெரியும். ஃபான்டும் கீபோர்டு சாஃப்ட்வேரும் வந்த சி.டி. எங்கே என்று கேட்டால், பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

இங்கேதான் ‘பூட்டபிள் பேக்கப்’ கைகொடுக்கும். ஃபைல்களை மட்டுமல்ல, விண்டோஸ், சாஃப்ட்வேர்கள், ஃபான்ட்கள், டிரைவர்கள், செட்டிங்குகள் எல்லாவற்றையும் அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுப்பது இது. ‘குளோனிங்’ என்பார்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்குத் தேவையான பகுதியும் அந்த நகலில் சேர்ந்தே வந்துவிடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் நகல், யு.எஸ்.பி.யில் செருகினாலே பெரும்பாலும் ஓடும். விண்டோஸ் அப்படியல்ல, வெளி டிஸ்க்கிலிருந்து கிளம்பச் சொன்னால் பல நேரம் அடம்பிடிக்கும். அதனால் ரெடிமேட் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை விட, உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதே வகை எஸ்.எஸ்.டி. ஒன்றையும், அதைப் போட்டு யு.எஸ்.பி.யில் இணைக்கும் சின்னப் பெட்டியையும் தனித்தனியாக வாங்குவது புத்திசாலித்தனம். கடையில் ‘என்க்ளோஷர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய டிஸ்க் போய்விட்டதா? சி.பி.யூ-வைத் திறந்து அதைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.யை மாட்டுங்கள். ஸ்டெப்னி மாற்றுகிற கதைதான்.

நகலெடுக்க ‘குளோன்ஸில்லா’ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். தைவான் நாட்டின் தேசியக் கணினி மையத்தில் உருவானது. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, விண்டோஸை ‘ரீஸ்டார்ட்’ செய்து, பூட் மெனுவில் அந்த பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பொறுத்து எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் என்று பட்டன் மாறும். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால், எதிலிருந்து எதற்கு என்று கேட்கும். இந்த ஒரு இடத்தில் அவசரமே கூடாது. மாற்றிச் சொல்லிவிட்டால், காலி டிஸ்க் உங்கள் கடை டிஸ்க்கின் மேல் நகலாகி எல்லாம் அழிந்துபோகும். புது டிஸ்க்கைக் கொஞ்சம் பெரிய அளவில் வாங்கினால் திரையில் அளவை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். எப்படியும் பழையதை விடச் சிறியதாக இருக்கக் கூடாது.

250 ஜி.பி. நகலாக, நொடிக்கு 100 எம்.பி. வேகம் கிடைத்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். பழைய யு.எஸ்.பி. 2 போர்ட் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதுவரை கரன்ட் போகாமல் யு.பி.எஸ். பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ‘டக் டக்’ சத்தம் கேட்கிறதென்றால் குளோனிங்கை ஒத்திப்போட்டு, முக்கியமான ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் ‘பிட்லாக்கர்’ பூட்டு தானாகவே போட்டிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை அரசே சாட்சி. 2023 ஆகஸ்ட்டில் அதன் அரசு கிளவுடை ரான்சம்வேர் தாக்கியபோது, இணைப்பில் இருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. தனியாகக் கழற்றி வைத்த பிரதி இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசு அலுவலகங்களின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களை இதே போன்ற வைரஸ் முடக்கியது. ஓ.பி. சீட்டைப் பல நாட்கள் கையால் எழுதினார்கள். ஆனாலும், வைரஸ் தொடாத ஒரு பேக்கப் சர்வர் தப்பித்ததால் நோயாளிகளின் விவரங்கள் திரும்பக் கிடைத்தன.

மாதம் ஒருமுறை நகலைப் புதுப்பித்தால் போதும். அன்றாட ஃபைல்களுக்கு அந்த பென் டிரைவ் இருக்கவே இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யை வருடக்கணக்கில் கரன்ட் இல்லாமல் போட்டு வைத்தால் உள்ளே இருப்பது அழிய வாய்ப்புண்டு என்பதாலும் மாதக் கணக்கு நல்லது. மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதி, கடையில் அல்ல, வீட்டு பீரோவில் வையுங்கள்.

நகல் நிஜமாகவே ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். பேஜ்மேக்கரைத் திறந்து, பழைய பத்திரிகை ஒன்றை பிரின்ட் எடுத்துப் பாருங்கள். எழுத்து ஒழுங்காக வந்தால் சரி. இதற்கு ஆடி மாதம் தோதானது. முகூர்த்தம் இருக்காது, கடையும் காற்று வாங்கிக்கொண்டிருக்கும்.