காற்றே இல்லை, பருத்தி இலை ஏன் சுருங்கியது?

மக்காச்சோளத்தில் களையை அழிக்க ஒருவர் 2,4-டி தெளிக்கிறார். காற்று அசையாத காலை நேரம். ஆயினும் சில நாட்களில் பக்கத்து வயல் பருத்தியின் கொழுந்து இலைகள் குறுகி, விரல் விரலாக நீண்டு, உருமாறி விடுகின்றன. வரப்பில் சண்டை மூளுகிறது. தெளித்தவர் மீது தவறில்லை. தேர்ந்தெடுத்த மருந்தின் வடிவமே காரணம்.

2,4-டி களைக்கொல்லி சோடியம் உப்பு, அமைன் உப்பு, எத்தில் எஸ்டர் ஆகிய வடிவங்களில் உள்ளது. உப்புகள் அநேகமாக ஆவியாவதில்லை. எத்தில் எஸ்டர் ஆவியாகும். காலையில் இலையிலும் மண்ணிலும் படிந்த மருந்து, உச்சி வெயிலில் ஆவியாகி அடுத்த வயலுக்கு நகர்கிறது.

ஒரு பொருள் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதைக் காட்டுவது ஆவியழுத்தம். இரு வெப்பநிலைகளில் அதை அளந்துவிட்டால், மூன்றாவது வெப்பநிலைக்குக் கணக்கிட்டே அறியலாம். கிளாப்பிரான், கிளாசியஸ் ஆகிய 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் வகுத்த வழி இது. வெப்பநிலையுடன் 273 கூட்டி, அதன் தலைகீழ் எண்ணை எடுத்துக்கொண்டால், ஆவியழுத்தத்தின் மடக்கை ஏறக்குறைய நேர்கோட்டில் மாறும்.

தண்ணீரையே பார்ப்போம். அதன் ஆவியழுத்தம் 20 டிகிரி செல்சியசில் 17.5 மி.மீ. பாதரசம், 30 டிகிரியில் 31.8. வெறுமனே வித்தியாசத்தைக் கூட்டினால் 40 டிகிரியில் 46.1 என வரும். மடக்கைக் கணக்கில் 55.6 கிடைக்கிறது. அளந்து கண்டது 55.3. எனவே வெப்பம் ஏற ஏற ஆவியழுத்தம் கூட்டலாக அல்ல, பெருக்கலாக உயர்கிறது.

இங்கு 10 டிகிரிக்குத் தண்ணீரின் உயர்வு சுமார் 1.75 மடங்கு. எஸ்டர் போன்ற கனமான பொருட்கள் ஆவியாகத் தேவைப்படும் வெப்பம், மூலக்கூறுக்கு மூலக்கூறு, தண்ணீரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எனக் கொள்வோம். அப்போது 1.75-ஐ 1.75-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 3 மடங்கு. காலை 30 டிகிரியில் அடங்கியிருந்த மருந்து மதியம் 40 டிகிரியில் மும்மடங்கு வேகத்தில் கிளம்புவது இதனால்தான்.

ஆகவே அருகில் பருத்தி, தக்காளி, திராட்சை இருந்தால் எஸ்டர் வடிவத்தைத் தவிர்க்க வேண்டும். உப்பு வடிவமானாலும் காற்றடிக்கும்போது தெளிக்கக் கூடாது. துளிகள் பறந்து செல்லும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது நல்லது. மருந்து வாங்கும்போது பெயரை மட்டும் பாராமல், உப்பா எஸ்டரா என்று சீட்டைப் படித்து வாங்கினால் பயிரும் பிழைக்கும், பக்கத்து வயல்காரரின் உறவும் நிலைக்கும்.