இடுப்புக்குக் கிடைத்த சுயராஜ்யம்

குழந்தை குப்புறித்துக் கொண்டால் கொழுக்கட்டை, தவழ்ந்தால் தவலை வடை, வாசற்படி தாண்டினால் மற்றொரு பலகாரம் என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பலகாரத்தின் பெயர் வீட்டுக்கு வீடு மாறலாம், உற்சாகம் மாறுவதில்லை. ஆனால் எழுபது வருஷம் நடந்து, ஓடி, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து, பிறகு ஒரு நாள் வழுக்கி விழுந்து, அந்த இடுப்பையே மாற்றிக் கொண்டு மறுபடியும் தத்தித் தத்தி நடக்கிற பாட்டிக்கு மட்டும் கொழுக்கட்டை செய்வாரில்லை. "சும்மா உட்காருங்கள், மறுபடி விழுந்து வைக்காதீர்கள்" என்ற உபதேசந்தான் அவளுக்குக் கிடைக்கிறது. இந்த அநீதியைப் பற்றி இவ்வாரம் சிறிது பிரஸ்தாபிக்க விரும்புகிறோம்.

"இடுப்பு முறிந்தது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் முறிவுதான். தொடை எலும்பின் மேல் முனை பந்து போல் உருண்டு, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் சுழல்கிறது. பந்தைத் தாங்கும் கழுத்துப் பாகம் முதுமையில் பலவீனமாகிறது. குளியலறையில் ஒரு சறுக்கல் போதும், அது ஒடிந்துவிடும். பந்துக்குப் போகும் இரத்தமோ பெரும்பாலும் அந்தக் கழுத்தின் வழியாகவே போகவேண்டியிருக்கிறது. எனவே, கழுத்து ஒடிந்து விலகினால் பந்து பட்டினி கிடந்து சாகிறது. கை எலும்பைக் கூட்டி வைக்கும் மூங்கில் பத்தையும் பச்சிலைக் கட்டும் இங்கே பலிக்காததன் காரணம் இதுதான்.

"இந்த வயதில் ஆபரேஷனாவது, படுக்கையிலேயே கிடக்கட்டும்" என்று பேசும் பந்துக்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. முதியவர்களுக்குப் படுக்கையைப் போன்ற சத்துரு வேறில்லை. முதுகில் புண், மார்பில் கபம், கால் நரம்பில் இரத்தக் கட்டி ஆகிய மூன்றும் அங்கேதான் காத்திருக்கின்றன. முறிவு ஏற்பட்டு இரண்டு தினங்களுக்குள் ரண சிகிச்சை முடிந்துவிட வேண்டும் என்றுதான் இக்கால வைத்தியர்கள் அவசரப்படுகிறார்கள். நாம் பார்த்த வரையில், விழுந்தவர் தாத்தாவாயிருந்தால் குடும்ப மகாசபை அரை மணியில் முடிவு செய்கிறது. பாட்டியாயிருந்தால் தீர்மானம் இரண்டு நாள் ஒத்தி வைக்கப்படுகிறது. இதற்கு வைத்திய சாஸ்திரத்தில் காரணம் எதுவும் இல்லை.

இடுப்பு மாற்றும் வித்தையின் சரித்திரம் ருசிகரமானது. 1891-ம் வருஷம் ஜெர்மனியில் கிளக் என்ற வைத்தியர் யானைத் தந்தத்தில் பந்து கடைந்து வைத்துப் பார்த்தார். நமது அண்டை நாடாகிய பர்மாவிலே, மாந்தளை ஆஸ்பத்திரியின் டாக்டர் ஸான் பா என்பவர் 1960-களில் தொடங்கி முந்நூறு பேருக்கு மேல் தந்த இடுப்பு வைத்தார். முதன் முதலில் அதைப் பெற்றவர் 83 வயதுப் பௌத்த பிக்ஷுணி. அந்தத் தந்த இடுப்புடன் குந்தி உட்கார்ந்தவர்களும், சைக்கிள் விட்டவர்களும் இருந்தார்கள்!

ஆனால் உலகெங்கும் பரவிய முறையைக் கண்டவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்னும் ஊரில், முன்பு க்ஷயரோக ஆஸ்பத்திரியாயிருந்த இடத்தில் உழைத்த ஜான் சார்ன்லி. இங்கிலீஷ்காரர்களுடன் நமக்கிருந்த வழக்கு வேறு. இந்த ஒரு இங்கிலீஷ்காரருக்கு நம் பாட்டிமார் கடன்பட்டவர்கள் என்பதை ஒப்புக் கொள்வதில் வெட்கமில்லை. முதலில் அவர் டெப்லான் என்ற வஸ்துவில் கிண்ணம் செய்தார். அது சில வருஷங்களிலேயே தேய்ந்து, சுற்றியிருந்த தசையையும் கெடுத்தது. சுமார் முந்நூறு பேருக்கு வைத்தாகிவிட்டது! மனிதர் மனமுடைந்தார். 1962-ம் வருஷம் ஒரு வியாபாரி பாலிஎதிலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவருக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. அவருடைய பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவன், எஜமானர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து அதை இயந்திரத்திலே மாட்டித் தேய்த்துப் பார்த்தார். அது தேயவே இல்லை என்று சொல்லும்படி அவ்வளவு உறுதியாயிருந்தது. அவ்வருஷம் நவம்பரில் அது மனித இடுப்பில் ஏறியது. 22 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுப் பந்து, அதாவது பெரிய கோலிக் குண்டு; அதற்கொரு பாலிஎதிலீன் கிண்ணம்; இரண்டையும் எலும்போடு பிடித்து வைக்க, பல் கட்டுகிறவர்கள் உபயோகிக்கும் இனத்தைச் சேர்ந்த ஒரு பசை. இவ்வளவுதான் மர்மம். 1977-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. 2007-ல் லான்ஸெட் வைத்தியப் பத்திரிகை இதனை நூற்றாண்டின் ஆபரேஷன் என்று வர்ணித்தது. 2019-ல் அதே பத்திரிகையில் வெளியான கணக்கின்படி, இவ்விதம் வைத்த இடுப்புகளில் நூற்றுக்கு 58 இருபத்தைந்து வருஷம் உழைக்கின்றன. எழுபத்திரண்டு வயதில் வைத்துக் கொள்கிறவருக்கு இதற்குமேல் என்ன உத்தரவாதம் வேண்டும்?

நிற்க. ஆபரேஷன் வைத்தியருடைய காரியம். ஒன்றிரண்டு மணியில் முடிந்து போகிறது. அதற்குப் பிறகு வரும் மூன்று மாதந்தான் நோயாளியின் காரியம்.

நமக்கு அத்தை முறையாக வேண்டிய ஓர் அம்மாள், வயது எழுபத்திரண்டு, கும்பகோணத்தில் தமது சொந்த வீட்டில் தனியே வசிக்கிறவர், இப்பரீட்சைக்கு உட்பட்டார். பரீட்சை என்று வேண்டுமென்றே சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் அவர் கண் மூடியிருந்த சமயம் பிள்ளைகள் இருவரும் மெல்லிய குரலில் பேசிக் கொண்டார்கள்: வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போவது, ஆறு மாதம் மூத்தவனிடம், ஆறு மாதம் இளையவனிடம் வைத்துக் கொள்வது, மூன்று மாதம் கழித்து முடிவு செய்வது. அத்தையின் கண்கள் மூடியிருந்தனவே தவிர, காதுகள் மூடியிருக்கவில்லை.

மறுநாள் காலை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான்கு கால் கொண்ட அலுமினியச் சட்டம் ஒன்றை முன்னால் வைத்தார்கள். வாக்கர் என்று அதற்குப் பெயர். பேரன் அதைப் பார்த்ததும், "பாட்டி, உனக்கு நடைவண்டி!" என்று குதித்தான். அன்று அவர் நடந்தது ஆறு அடி. வீடு திரும்பியதும் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைத் தேடி எடுத்து, "ஆறடி" என்று பென்ஸிலால் எழுதி வைத்துக் கொண்டார். அந்தத் தாள்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஒரு வக்கீல் கேஸ் கட்டைச் சேர்ப்பதுபோல் அவர் அவற்றைச் சேர்த்தார்.

புதிய இடுப்புக்குச் சில விலக்குகள் உண்டு. தொடை வயிற்றின் பக்கம் நேர்கோணத்துக்கு மேல் மடங்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உட்புறம் திருப்பக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவக் கூடும். கால்மேல் கால் போட்ட நாட்டுப்பெண்களையெல்லாம் ஐம்பது வருஷமாய்க் கண்டித்து வந்த அத்தைக்கு, தம் கட்சியில் வைத்தியமும் சேர்ந்துகொண்டது பரம திருப்தி. ஆனால் மற்ற விலக்குகள் அவ்வளவு இனிக்கவில்லை. சம்மணம் போகாது, மணை போகாது, கோலம் போகாது, ஸ்வாமிக்கு விழுந்து நமஸ்காரமும் போகாது. நம் வாழ்க்கை பூராவும் தரையிலே நடக்கிறது; கிண்ணத்தை உண்டாக்கியவரோ நாற்காலி தேசத்தவர்.

கால் வீங்காமலிருக்கக் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியை அத்தை ஜபத்துடன் சேர்த்துச் செய்தார். கெண்டைக்காலில் திடீரென்று வலியும் வீக்கமும் கண்டாலும், மூச்சுத் திணறினாலும் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் வீட்டார் அனைவரும் மனப்பாடம் செய்தார்கள்.

இனி, ஸ்நான அறை அரசியலுக்கு வருவோம். பின்கட்டில் உயரமான கமோடு வைத்தாகிவிட்டது. சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தினார்கள். முதல் பத்து நாள் ஒருத்தி உள்ளே வந்து நின்றாள். இதை அந்நிய ஆட்சி என்றே சொல்ல வேண்டும். பிறகு அவள் கதவுக்கு வெளியே நின்று, "ஆச்சா, அம்மா?" என்று நிமிஷத்துக்கொரு தரம் கேட்டாள். இது டொமினியன் அந்தஸ்து. 1929-ல் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யமே வேண்டும் என்றதன் நியாயம் அத்தைக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியிருக்க வேண்டும். பதினெட்டாம் நாள் தாளில், "தனியே குளித்தேன். ஒருவரும் கேட்கவில்லை" என்று இருக்கிறது. கதவைத் தாழிடுவதில்லை என்று வைத்தியருடன் உடன்படிக்கை. அதை அவர் மீறவில்லை.

இதைவிடக் கடினமாயிருந்தது காப்பி. கேட்பவர் நகைக்கலாம். வாக்கரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். டம்ளரைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? தாமே கலந்த காப்பியைச் சமையலறையிலேயே நின்றபடி குடிக்க வேண்டும். அல்லது கூடத்தில் உட்கார்ந்து, பிறர் கலந்ததைக் குடிக்க வேண்டும். பிறர் கலந்த காப்பியைப் பற்றி அத்தையின் அபிப்பிராயத்தை இங்கு அச்சிடுவதற்கில்லை. கடைசியில் பரணிலிருந்து, ரயில் பிரயாணத்துக்கு எடுத்துப் போகும் பழைய சிறு கூஜாவை இறக்கச் சொன்னார். திருகு மூடி போட்ட அதை ஒரு துணிப் பையில் நிறுத்தி வாக்கரில் கட்டித் தொங்கவிட்டு, தாமே கொண்டுபோய் ஊஞ்சலுக்கு எதிரேயுள்ள உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து அருந்தினார். (ஊஞ்சல் பந்தோபஸ்தாய்ச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது.) அன்றைய தாளில் "கூஜா" என்ற ஒரே சொல் இருக்கிறது.

கோலத்தில் அத்தையின் பாடு பரிதாபந்தான். வாசலில் நின்று, "அம்மாடி, மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி குறைகிறது பார்" என்பார். நாட்டுப்பெண் பொறுமைசாலி, "நீங்கள் சொல்லிக்கொண்டே வாருங்கள் அம்மா" என்று அழித்துப் போட்டாள். கீழே விழுந்த கைக்குட்டையை எடுப்பதற்கு, அடுப்படியிலிருந்து நீண்ட இடுக்கி ஒன்று பதவி உயர்வு பெற்றது. சொந்தக் காலின் நகத்தை வெட்டிக் கொள்வது மட்டும் மூன்று மாதத்துக்குள் கூடிவரவில்லை.

ஆறாம் வாரத்தில் கைத்தடி வந்தது. வலி வந்த காலின் பக்கமே தடியைப் பிடிக்க வேண்டுமென்று பலர் நினைக்கிறார்கள். மாறான கையிலேதான் பிடிக்க வேண்டும். ஒற்றைக் காலில் உடம்பு நிற்கும்போது, இடுப்பின் பக்கத் தசைகள் உடம்பு சாயாமல் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பும் சேர்ந்து மூட்டின்மேல் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் ஏறுகிறது. எதிர்க் கையில் ஊன்றிய தடி அத்தசைகளின் வேலையைப் பங்கிட்டுக் கொள்கிறது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் உயரத்துக்குத் தடியின் பிடி வர வேண்டும். அடியில் ரப்பர் பூண் அவசியம். தடி பிடிப்பதை அவமானமாய் நினைத்து மூலையில் எறிகிறவர்களுக்காகவே 1956-ல் பிளவுண்ட் என்ற அமெரிக்க வைத்தியர், தடியை எறிந்துவிடாதீர்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். நமக்கு அமெரிக்க சாட்சியும் தேவையில்லை. 1930-ல் அறுபது வயது நிரம்பிய காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக்குச் சுமார் 240 மைல் நடந்தபோது கையிலிருந்தது மூங்கில் தடிதானே!

வாசற்படி மூன்று. ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முன்னே. "ஏறுகையில் பலசாலிக்கு முதல் மரியாதை, இறங்குகையில் நோயாளிக்கு" என்று அத்தை ஞாபகம் வைத்துக் கொண்டார். எழுபத்தோராம் நாள் தெருவில் இறங்கி, நான்கு வீடு தள்ளியிருந்த சிநேகிதியின் திண்ணை வரை போனார். திண்ணையில் உட்காரவில்லை, அது தாழ்வு.

மூன்று மாதம் முடிந்து பிள்ளைகள் வந்தார்கள். அத்தை வாதம் ஒன்றும் செய்யவில்லை. தாள்களைத் தேதிவாரியாய் நூலில் கோர்த்து மூத்தவன் கையில் கொடுத்துவிட்டு, அவர்களுக்குக் காப்பி கலக்கப் போனார். மூத்தவன் பாதி படித்ததும் தம்பியிடம் நீட்டினான். இரவில் துணைக்கு ஒரு பெண் வந்து படுக்க வேண்டும், பின்கட்டில் விளக்கு அணைக்கக் கூடாது, ஈரத் தரையில் கால் வைக்கக் கூடாது என்று மூன்று ஷரத்துகள் விதிக்கப்பட்டன. வீடு பூட்டப்படவில்லை.

பென்ஸில் இன்னும் காலண்டர் அருகிலேயே தொங்குகிறது. சென்ற வாரம் நாம் போயிருந்தபோது கண்ட கடைசித் தாள்: "காவேரிப் படித்துறை. மேல் படியில் நின்று பார்த்தேன். இறங்கவில்லை."