வீட்டுத் தோட்டம் – 9: பொன்மணி தொங்கும் டுரான்டா

சென்ற வாரம் செம்பருத்தியைப் பற்றி எழுதி முடிக்கையில், பூவைக் காட்டிலும் காய்க்காகவே வளர்க்கத்தக்க அலங்காரச் செடி ஒன்றைப் பற்றி அடுத்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நம் ஊர்களில் வீட்டு முகப்பிலும், பள்ளிக்கூடத்து மதிலோரத்திலும், நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் வெட்டி வெட்டிக் குட்டிச் சுவராக்கி நிறுத்தப்பட்டிருக்கிற டுரான்டாதான் அது என்றால் வாசகர்களில் பலர் நம்பத் தயங்குவார்கள். "அதுவா? அது காய்க்குமா?" என்றுதான் கேட்பார்கள், கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை, ஏனெனில் பத்து வருஷகாலம் அந்தச் செடியை வேலியாக வைத்திருந்த நானே அது காய்த்து ஒரு நாளும் கண்டதில்லை.

காணும் பாக்கியம் தற்செயலாகத்தான் வாய்த்தது. ஓர் ஆண்டு குடும்ப காரியமாக ஏழு மாதம் வெளியூரில் தங்க நேர்ந்தது. மாதம் தவறாமல் கத்தரியோடு வந்து வேலியைச் சமன்செய்து போகும் தோட்டக்காரர், வீட்டில் ஆளும் இல்லை, கூலி கொடுப்பாரும் இல்லை என்று கண்டு வருவதை நிறுத்திக்கொண்டார். நான் திரும்பி வந்து வாசற்கதவைத் திறந்தபோது, இடுப்பளவு நின்ற வேலி என் தலைக்கு மேல் எழுந்து, அதன் கிளைகள் பாரம் தாங்காமல் வில்லைப்போல் வளைந்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் அரை அடிக்குக் குறையாத சரம் ஒன்று தொங்க, அந்தச் சரத்தின் அடிப்புறத்தில் பழுத்த மஞ்சள் மணிகளும், நடுவில் பச்சைப் பிஞ்சுகளும், நுனியில் அப்போதுதான் மலர்ந்த இளநீலப் பூக்களுமாக, மூன்று பருவங்களையும் ஒரே காம்பில் கோத்துவைத்தாற்போல் விளங்கிய காட்சியைக் கண்டு, கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

மறுநாள் ஒரு சரத்தைப் பறித்து மேஜைமேல் வைத்துக்கொண்டு பார்த்தேன். பூவின் அகலம் அரை அங்குலம் இருக்கலாம், மடல்கள் 5, அவற்றுள் இரண்டில் மட்டும் நடுவே ஆழ்ந்த ஊதாக் கோடு ஒன்று, மை தொட்ட தூரிகையால் ஒரே இழுப்பாக இழுத்ததுபோல் ஓடுகிறது. பழமோ கொண்டைக்கடலை அளவு; அதன் நுனியில் கிளிமூக்கைப்போல் சிறிய வளைவு உண்டு. மேலே பளபளக்கும் மஞ்சள் தோல் பழத்தின் தோல் அன்று. பூவைத் தாங்கியிருந்த புல்லிவட்டமே பூ உதிர்ந்த பின்னும் தான் உதிராமல் வளர்ந்து, பழத்தைப் பையாக மூடிக்கொள்கிறது. நகத்தால் அந்தப் பையைக் கீறி, உள்ளிருக்கும் சதையை நசுக்கினால் கெட்டியான 4 கொட்டைகள் அகப்படும். ஒவ்வொரு கொட்டைக்குள்ளும் 2 விதைகள். ஆக, ஒரு மணிக்கு 8 விதை. இதை எண்ணிச் சரிபார்க்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதும் ஆயிற்று. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மெக்சிகோவும் மேற்கிந்தியத் தீவுகளும் தென் அமெரிக்காவும் இதன் ஜன்மபூமி. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வைத்தியராக விளங்கி, 1585-இல் மூலிகை நூல் ஒன்றை வெளியிட்ட காஸ்தோரே துரான்தே என்பவரின் பெயரையே இதற்கு இட்டிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டும் வழக்கத்தை நிலைநிறுத்திய லின்னேயஸ், 1753-இல் தம் பெருநூலில் இதை இரண்டு வெவ்வேறு இனங்களாகக் கருதி, ஒன்றுக்கு 'நிமிர்ந்து நிற்பது' என்று பொருள்படும் எரெக்டா என்ற பெயரையும், மற்றொன்றுக்கு 'தவழ்வது' என்று பொருள்படும் ரெபென்ஸ் என்ற பெயரையும் கொடுத்தார். இரண்டும் ஒன்றே என்று பிற்காலத்தவர் தீர்மானித்து எரெக்டாவை வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் பழைய தோட்டக்கலைப் புத்தகங்களில் ரெபென்ஸ் என்ற பெயரையே காணலாம். ஒரே செடி நிமிர்ந்தும் நிற்கும், வளைந்து தரையையும் தொடும் என்பதை அறிந்தவனுக்கு அந்தப் பெரியவரின் பிழையில் ஆச்சரியம் தோன்றாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செடி பூப்பது புதிதாக நீண்ட கொம்பின் நுனியிலும் அதை ஒட்டிய இலைக்கணுக்களிலும்தான். நாமோ கொம்பு நாலு அங்குலம் நீண்டவுடன் கத்தரியை எடுக்கிறோம். பூ வரவேண்டிய இடத்தை மாதந்தோறும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, இது பூக்காத ஜாதி என்று சொல்வது நியாயமல்ல. நர்சரிக்காரர்கள் இப்போது மிகுதியாக விற்கும் மஞ்சள் இலை டுரான்டாவை, இலையின் நிறத்துக்காகவே ஓயாமல் கத்தரித்து வளர்ப்பதால், அது தன் ஆயுளில் ஒரு பூவைக்கூடக் காணாமல் போவது சகஜம். ஆகையால் சுவர் வேண்டுமா, மணி வேண்டுமா என்பதை நடும்போதே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே செடியிடம் கேட்கக்கூடாது. மணி வேண்டுவோர் பச்சை இலை ஜாதியையே கேட்டு வாங்குவது என் அபிப்பிராயத்தில் நல்லது. ஒன்றரை அடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டால் வேலி. 8 அடி இடைவெளி விட்டுத் தனித்து நட்டால் வளைந்து தொங்கும் புதர். இடம் கொடுத்தால் 15 அடிக்கு மேலும் வளரும் சுபாவமுடையது என்பதை ஜன்னலோரத்தில் நடுபவர்கள் மறக்க வேண்டாம்.

விலைக்கு வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பென்சில் கனத்தில், முற்றியதும் முற்றாததுமான கொம்பு ஒன்றை 6 அங்குல நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் 2 கணு உள்ளே போகும்படி ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால், ஒரு மாதத்தில் வேர் பிடித்துத் துளிர் காட்டும். வேர் பிடித்ததா என்று பார்க்கும் ஆவலில் பிடுங்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரு செடியும் மிஞ்சாது. நான் மூன்றை அப்படித்தான் இழந்தேன். மழைக்காலத் தொடக்கத்தில் ஒன்றரை அடிச் சதுரக் குழியில், தண்ணீர் தேங்காத இடமாகவும், நாள் முழுதும் வெயில் படும் இடமாகவும் பார்த்து நட வேண்டும். நிழலிலும் பிழைத்துக்கொள்ளும்; காய்ப்பு மட்டும் சொற்பமாயிருக்கும். முதல் வருஷம் தவறாமல் தண்ணீர் விட்டு வந்தால், பின்பு வறட்சியை ஓரளவு தானே சமாளித்துக்கொள்ளும். யூரியாவைக் கொட்டுபவர்களுக்கு இலைதான் கிடைக்கும். வருஷத்துக்கு இரு முறை ஒரு கூடை மக்கிய சாணி எருவும், கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போதுமானவை.

கவாத்து என்பது வேலி வெட்டுவது போன்றதன்று. பழங்கள் உதிர்ந்து தீர்ந்த பின்னர், தடித்து முதிர்ந்த கொம்புகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு நீக்கிவிட்டு, எஞ்சியவற்றின் நுனியைத் தொடாமல் விட வேண்டும். முதிர்ந்த கொம்புகளின் இலைக்கக்கத்தில் சில செடிகளுக்கு முள் இருக்கும். இலைக்குள் மறைந்திருந்து குத்தும். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் வந்தால், லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலக்கி, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளித்தால் அடங்கும்.

இவ்வளவும் சொன்னவன் இதையும் சொல்லியாக வேண்டும். காய்த்த அந்த ஆண்டில், விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி திண்ணையில் உட்கார்ந்து, ஊசியும் நூலுமாக மஞ்சள் மணிகளைக் கோத்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள். "தாத்தா, இது இலந்தைப் பழம் மாதிரியா?" என்று கேட்டபோது ஒரு மணி உதட்டருகே இருந்தது. நான் தட்டிவிட்டேன், குழந்தை அழுதாள், மாலை அறுந்து மணிகள் திண்ணையெங்கும் உருண்டன. டுரான்டாவின் பழமும் இலையும் நச்சுத்தன்மை உடையவை, உள்ளே போனால் வாந்தியும் மயக்கமும், அளவு மிஞ்சினால் வலிப்பும் உண்டாகும், நாய்களுக்கும் ஆகாது. பறவைகளுக்கு மட்டும் ஒரு தீங்கும் செய்வதில்லை. எங்கள் செடிக்குக் காலையில் ஜோடியாக வரும் கொண்டைக்குருவிகள் ஒரு சரத்தைக் காலி செய்து போவதைப் பார்த்துத்தான், பட்சி தின்பது நமக்கும் ஆகும் என்ற பழைய நம்பிக்கை எவ்வளவு பொல்லாதது என்பதை உணர்ந்தேன்.

அந்தப் பட்சிகளே வேறொரு காரியத்தையும் செய்கின்றன. விழுங்கிய விதையைக் கண்ட இடத்தில் போடுகின்றன. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலும் பசிபிக் தீவுகள் சிலவற்றிலும் டுரான்டா இவ்வாறு தோட்டம் தாண்டிக் காட்டுக்குள் புகுந்து களையாகிவிட்டது. நம் மலைகளை மூடியிருக்கும் உண்ணிச்செடியும் இதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதுவும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். எனவே வனத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் இதைக் காய்க்க விடாமல் வேலியாகவே வெட்டி வைத்துக்கொள்ளலாம். அங்கே கத்தரிக்காரர் செய்வதே சரி.

நானோ வாசலில் இருந்த வேலியைக் களைந்துவிட்டு, கொல்லையில் குழந்தைகள் கைக்கு எட்டாத மூலையில் ஒரே ஒரு புதரை நிறுத்தியிருக்கிறேன். அதைச் சுற்றி உதிரும் பழங்களை வாரத்துக்கு இரு முறை கூட்டி அள்ளுகிறேன். கைக்குழந்தையோ, வாயில் எதையும் போடும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டார் அவை வளரும் வரை இந்தச் செடியை வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், கவாத்து செய்த தழையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டுவிட வேண்டாம். அச்சமின்றித் தின்னத்தக்க கனியைத் தரும் வேலிச் செடியாகிய களாவைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.