ராணியின் அடிப்பாரம்

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக்கு யாத்திரை போன அவருடைய அம்மா தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை ஒரு சோடி, ராஜாவும் ராணியும், வாங்கி வந்தாராம். எத்தனை முறை தள்ளினாலும் எழுந்துவிடுகின்றனவே, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று மகன் கேட்கிறானாம்.

ஸ்பிரிங் இல்லை. அடியில் அரைப்பந்தாகக் கனத்த களிமண். மேலே காகிதக்கூழில் செய்த கூடான உடம்பு. சாய்த்தால் உருண்டை அடி உருள, தரையைத் தொடும் இடம் சாய்ந்த பக்கமாக நகர்ந்துவிடும். பாரம் அடிமண்ணில் இருப்பதால் அவ்வளவு தூரம் நகராது, பின்தங்கும். அந்தப் பாரம்தான் பொம்மையை இழுத்து நிமிர்த்துகிறது. அப்பாவோடு கொழுந்து லொறியில் போன நாட்களில், மூட்டைகளை உயர அடுக்கினால் வளைவுகளில் லொறி சாய்வதைப் பயத்தோடு பார்த்திருக்கிறேன். அதன் நேரெதிர்தான் இந்தப் பொம்மை.

என்னை அதிகம் மயக்குவது வேறொரு கேள்வி. அடிப்பாரமே வைக்காமல், முழுவதும் ஒரே பொருளால் ஆன, எங்கும் குழிவில்லாத ஓர் உருவம் வடிவத்தால் மட்டுமே இப்படி எழுமா? எழும் என்று ரஷ்யக் கணித மேதை விளாதிமிர் ஆர்னோல்ட் 1995இல் ஊகித்தார். ஹங்கேரியரான காபோர் டொமோகோஷ் ரோட்ஸ் தீவுக் கடற்கரையில் 2000 கூழாங்கற்களைச் சோதித்தார். அப்படி ஒன்றுகூடச் சிக்கவில்லை. 2006இல் அவரும் பீட்டர் வார்கோன்யியும் அந்த உருவத்தைச் செய்தே காட்டினார்கள். நம் நாட்டு வறண்ட வலயத்தில் திரியும் நட்சத்திர ஆமையின் ஓடு அதற்கு மிக நெருங்கிய வடிவம். கவிழ்ந்த ஆமை புரண்டு எழ அந்த உயர்ந்த ஓடுதான் கைகொடுக்கிறது.

மலைநாட்டில் இந்தப் பொம்மைக்கு எதிரி ஈரம். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியா மூட்டத்தில் காகிதக்கூழ் ஈரம் இழுத்து உப்பும், பூஞ்சணம் பிடிக்கும். ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

ஈரத்தைவிட என்னை வருத்தியது ஹட்டனில் ஒரு வீட்டில் கண்டது. ஆடி விழுந்துவிடுமாம், கண்ணாடி அலுமாரிக்குள் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். விழாமலிருக்கவென்றே ஒருவர் மண் பிசைந்து, பாரம் பார்த்துச் செய்த பொம்மை அது! அலங்காரம் என்ற பெயரில் அதன் ஒரே வேலையைப் பறித்துவிட்டோம்.

சகோதரி, உங்கள் சோடியைத் தரையில் வையுங்கள், மகன் தள்ளட்டும். ரொட்டி மாவில் சிறு உருண்டைகள் பிடித்து ராணியின் தலையில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கட்டும். எத்தனையாவது உருண்டையில் ராணி எழ மறுக்கிறாள் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.